திருத்தப்பட்ட தீர்ப்பும் திருத்தப்படாத பிழையும்

தீர்ப்பு வந்துவிட்டால் அதைப்பற்றிப் பேசவே கூடாது என்று ஒரு சாரார் கூறுகின்றனர். தீர்ப்புப் பிடிக்கவில்லையா, பேருந்தைக் கொளுத்து, கடையை உடை என்று இன்னொரு சாரார் கிளம்புகின்றனர். முன்னவர்கள் நமது வாயை மூடச் சொல்கிறார்கள். பின்னவர்கள் நமது அறிவை மூடச் சொல்கிறார்கள். இரண்டு யோசனையும் நமக்கு வேண்டாம். பிழை கண்டால், இன்ன இடத்தில் இன்ன கணக்குத் தவறு என்று நாலு பேர் நடுவே எடுத்துக்காட்டி, திருத்தும் அதிகாரம் படைத்த மன்றத்தையே நாடித் திருத்தக் கேட்பதுதான் பகுத்தறிவு படைத்தவன் செய்யும் வேலை. அந்த முறையில் காவிரித் தீர்ப்பை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

2018 பிப்ரவரி 16இல் உச்சநீதி மன்றம் வழங்கிய தீர்ப்பு அது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதிகள் அமிதவ ராய், கான்வில்கர் ஆகிய மூவரும் அமர்ந்து வழங்கியது. 465 பக்கம். பழைய தீர்ப்பாயிற்றே, இப்போது ஏன் கிளறுகிறீர் என்று கேட்பீர்கள். இந்தப் பங்கீடு 15 ஆண்டுகளுக்கு மாறாது என்று அந்தத் தீர்ப்பே கூறுகிறது. 2018உடன் 15ஐக் கூட்டுங்கள், 2033. அந்த ஆண்டு வந்து கதவைத் தட்டும்போது, ஆத்திரத்தை மட்டும் கையில் ஏந்திக்கொண்டு போய் நின்றால் பயனில்லை. ஆதாரத்தோடு போக வேண்டும். ஆதாரம் ஒரே இரவில் விளைவதில்லை. அதற்கும் நாற்று விட வேண்டும், நட வேண்டும், களை எடுக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பே ஒரு திருத்தந்தான் என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூன் 2இல் அமைந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் விசாரித்து, 2007 பிப்ரவரி 5இல் தனது இறுதி முடிவைக் கூறிற்று. ஆற்றில் ஓடும் நீர் ஆண்டுக்கு 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கருநாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுவைக்கு 7 என்று பிரித்தது. மிச்சமுள்ள 14இல் ஆற்றின் உயிரைக் காக்க 10, தவிர்க்க முடியாமல் கடலில் சேருவதற்கு 4. கருநாடகம் பிலிகுண்டுலுவில் நமக்குத் தரவேண்டியது 192 என்றும் வரையறுத்தது.

உச்சநீதி மன்றம் இதில் கைவைத்தது. நமது 419 என்பது 404.25 ஆயிற்று. கருநாடகத்தின் 270 என்பது 284.75 ஆயிற்று. பிலிகுண்டுலுவில் 192 என்பது 177.25 ஆயிற்று. கேரளத்தின் 30 அப்படியே, புதுவையின் 7 அப்படியே. திருத்தம் முழுதும் ஒரே மடையில் திறந்து ஒரே வயலில் பாய்ந்தது. மடை நமது, வயல் அவர்களுடையது.

14.75 டி.எம்.சி. என்கிறார்களே, அது எவ்வளவு? ஆலைத் தோழர்களுக்காகச் சொல்கிறோம். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும், இரவும் பகலும், ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். ஒரு பேச்சுக்கு, ஏக்கருக்கு நான்கடி உயரத் தண்ணீர் தேவை என்று வைத்துக்கொண்டால், ஒரு டி.எம்.சி. சுமார் 5,700 ஏக்கர் நெல்லுக்குப் போதும். அந்தக் கணக்கில் 14.75 டி.எம்.சி. ஏறக்குறைய 84,000 ஏக்கர். பதினான்கேமுக்கால் என்று காகிதத்தில் எழுத ஒரு விநாடி. பயிரில் எழுதினால் எண்பத்து நாலாயிரம் ஏக்கர்.

சரி, ஏன் குறைத்தார்கள்? காரணம் இரண்டு கூறப்பட்டிருக்கிறது.

பெங்களூரின் குடிநீர் ஒன்று. அந்த நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்றும், குடிநீர்த் தேவையில் பாதியை நிலத்தடி நீரே தீர்த்துவிடும் என்றும் நடுவர் மன்றம் எண்ணியிருந்தது. அந்த எண்ணம் சரியல்ல என்று கூறிய உச்சநீதி மன்றம், நகரம் முழுமைக்குமாகச் சேர்த்து 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. இதைப்பற்றி நமக்குப் பெரிய வழக்கில்லை. குடிக்கும் நீரை மறுக்கும் கூட்டமல்ல நாம். அந்த நகரத்தில் மூட்டை தூக்கும் தமிழனும் இருக்கிறான், தறி ஓட்டும் தெலுங்கனும் இருக்கிறான், கன்னடத் தாயும் குடத்தோடு குழாயடியில் நிற்கிறாள். தொண்டை நனைய நாலு குடம் கேட்டால், உன் வீடு எந்த நதியின் படுகையில் இருக்கிறது என்று அளவுநாடா பிடித்துப் பார்ப்பது மனிதத் தன்மையாகாது. இந்த நாலேமுக்காலை நாம் மனமாரத் தள்ளிக்கொள்ளலாம்.

மற்றொன்றுதான் நெஞ்சில் தைக்கிறது. தமிழ்நாட்டின் காவிரிப் பகுதியில் நிலத்துக்கடியில் ஏறத்தாழ 20 டி.எம்.சி. நீர் இருக்கிறது என்று பழைய ஆய்வுகள் கூறியிருந்தன. நடுவர் மன்றம் அதைக் குறித்துக்கொண்டது. ஆனால் பங்கீட்டில் சேர்க்கவில்லை. அதுமட்டுமல்ல, எந்த மாநிலமும் நிலத்தடி நீரைப் பயன்படுத்துவது காவிரி நீரைப் பயன்படுத்தியதாகக் கொள்ளப்படாது என்று தன் முடிவிலேயே ஒரு விதியும் எழுதி வைத்தது. உச்சநீதி மன்றமோ அந்த இருபதைத் திரும்ப எடுத்தது. அளவுக்குமேல் இறைத்தால் ஆபத்து என்பதை ஒப்புக்கொண்டது. அதனால் இருபதையும் எடுக்காமல் பாதியை எடுத்தது. பத்து டி.எம்.சி. உன் காலடியிலேயே இருக்கிறது, ஆகவே ஆற்றில் பத்துக் குறைவு என்றது.

இப்போது இரண்டு காரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழர்களே! பெங்களூரில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதைக்கொண்டு பாதித் தேவையைத் தீர்க்கலாம் என்று நடுவர் மன்றம் சொன்னது. அது வெறும் அனுமானம், தள்ளுக என்றது உச்சநீதி மன்றம். தஞ்சையில் நிலத்தடி நீர் இருக்கிறது, ஆனால் அதைப் பங்கீட்டில் சேர்க்கக்கூடாது என்று அதே நடுவர் மன்றம் சொன்னது. அது தவறு, சேர்க்க என்றது அதே உச்சநீதி மன்றம்!

பெங்களூர்க் கிணறு கணக்கில் வராது. தஞ்சைக் கிணறு கணக்கில் வரும்! நகரத்தானுக்கு ஆற்றைக் காட்டுவது, உழவனுக்குக் கிணற்றைக் காட்டுவது! ஒரே தீர்ப்புக்குள் இரண்டு முழக்கோல் இருக்கலாமா? இதைத்தான் பிழை என்கிறோம். நீதிபதிகளின் நேர்மைபற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நேர்மையாளர்கள் கையிலும் கணக்குப் பிசகும்.

பிசகு இன்னும் ஆழமானது. டெல்டாவின் நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறது? மேட்டூரில் திறந்த நீர் கல்லணையில் பிரிந்து, காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் ஓடி, வாய்க்காலில் புகுந்து, வயலில் தேங்கி, மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த நீர்தான் கிணற்றில் ஊறுகிறது. மழையும் ஊறும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு வற்றினால் ஊற்றும் இறங்கும் என்பது கும்பகோணத்துப் பக்கம் பம்புசெட்டு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அப்படியானால், ஆற்றில் வந்த நீரை ஒருமுறை எண்ணிவிட்டு, அதே நீர் மண்ணுக்குள் இறங்கியபிறகு மறுமுறை எண்ணுவது என்ன கணக்கு?

ஒரு முதலாளி தன் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறான். தொழிலாளியின் மனைவி அதில் ஐந்தும் பத்தும் மிச்சம்பிடித்து உண்டியலில் போட்டு வைக்கிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேண்டுமே என்று. முதலாளி ஒருநாள் வீட்டுக்கு வந்து உண்டியலைக் குலுக்கிப் பார்க்கிறான். உன்னிடந்தான் இருக்கிறதே, அடுத்த மாதச் சம்பளத்தில் பத்து ரூபாய் பிடித்துக்கொள்கிறேன் என்கிறான். தொழிற்சங்கத் தோழர்களே, நீங்கள் இதற்கு ஒப்புவீர்களா? உண்டியலில் உள்ளது அவன் கொடுத்த சம்பளந்தானே! சம்பளம் குறைந்தால் உண்டியலும் வற்றுமே!

உண்டியல் எல்லா வீட்டிலும் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. தஞ்சைக்கும் குடந்தைக்கும் நல்ல ஊற்று உண்டு. கிழக்கே போகப்போக, நாகைப் பக்கம், வேதாரணியம் பக்கம், திருத்துறைப்பூண்டிக்குக் கீழே, தோண்டினால் உப்பு. கடல் நீர் உள்ளே ஏறிய மண் அது. கடைமடை உழவனுக்கு ஆறு ஒன்றுதான் கதி. அவனுக்கும் சேர்த்துத்தான் காலடியில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதப்பட்டிருக்கிறது. ஊற்று மேல்மடையில், வெட்டு கடைமடையில்! ஏழைக்கும் பணக்காரனுக்கும் சேர்த்துச் சராசரி வருமானம் போட்டு, ஏழையிடம் வரி கேட்பதைப்போன்ற காரியம் இது.

குறைத்தது எந்த மாதத்தில் என்பதையும் பாருங்கள். நடுவர் மன்றம் ஜூனுக்கு 10, ஜூலைக்கு 34, ஆகஸ்டுக்கு 50, செப்டம்பருக்கு 40 என்று எழுதியிருந்தது. இப்போதைய கணக்கில் ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்டு 45.95, செப்டம்பர் 36.76. இந்த நான்கு மாதத்தில் மட்டும் 10.86 டி.எம்.சி. போயிற்று. மொத்த வெட்டில் முக்காலுக்குச் சற்றுக் குறைவு. பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை என்றிருந்தது அப்படியே இருக்கிறது; வயலில் பயிர் இல்லாத மாதங்களில் வெட்டும் இல்லை! ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால்தான் குறுவை. ஆகஸ்டில் குறுவை கதிர் பிடிக்கும், சம்பாவுக்கு நாற்றங்கால் போடுவார்கள். வடகிழக்குப் பருவமழை வர அக்டோபர் ஆகும். வானமும் தராத, ஆறு மட்டுமே தரவேண்டிய மாதங்களில்தான் கத்தி விழுந்திருக்கிறது.

இங்கே நமது பேச்சாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 1991இன் இடைக்கால ஆணையில் 205 டி.எம்.சி., 2007இல் 192, 2018இல் 177.25 என்று மூன்றையும் வரிசையாய்ச் சொல்லிக் கழித்துக் காட்டுகிறார்கள் சில மேடைகளில். வேண்டாம். 205 என்பது மேட்டூரில் அளந்தது. 192ம் 177.25ம் பிலிகுண்டுலுவில் அளப்பது. இரண்டுக்கும் நடுவே வந்து சேரும் நீர் இருக்கிறது. அளக்கும் இடம் வேறானால் அப்படியே கழிக்கக்கூடாது. பிறர் கணக்கில் பிழை காட்டப் புறப்பட்டவன் கணக்கில் பிழை இருந்தால், எதிரி நம் பிழையைப் பிடித்துக்கொண்டு அவன் பிழையை மறைத்துவிடுவான். நம்மிடம் நியாயமான கணக்கே நிறைய இருக்கிறது.

சரி, இந்தப் பிழையை யார் திருத்துவது? எப்படித் திருத்துவது? இதற்கும் காவிரியின் சரித்திரமே பாடம் வைத்திருக்கிறது. நல்ல பாடம், கெட்ட பாடம் இரண்டும்.

தமிழ்நாடு 1971இல் உச்சநீதி மன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பேசித் தீர்க்கலாம் என்ற டில்லியின் சொல்லை நம்பி 1972இல் திரும்பப் பெற்றது. எதிரணியினர் இன்றும் இதைச் சொல்லிக் குத்துவர். பேச்சுக்கு அழைத்தால் போவது பண்பு. அழைத்தவர் பேசியே காலத்தைக் கடத்தியது யார் பண்பு என்பதை அவர்கள் கூறுவதில்லை. பிறகு தஞ்சை உழவர்கள் சங்கமாகச் சேர்ந்து 1983இல் மன்றத்தின் கதவைத் தட்டினார்கள். அந்த வழக்கில்தான் 1990 மே 4இல் நடுவர் மன்றம் அமைக்கும்படி மத்திய சர்க்காருக்கு ஆணை பிறந்தது. அப்போது இங்கே கலைஞர் ஆட்சி, டில்லியில் வி.பி. சிங் ஆட்சி. ஒரு மாதத்துக்குள் மன்றம் அமைந்தது.

நடுவர் மன்றம் செய்த முதல் வேலை என்ன? இடைக்கால நிவாரணம் வழங்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று 1991 ஜனவரி 5இல் தமிழ்நாட்டின் மனுவைத் தள்ளியது. அது பிழை. நாம் என்ன செய்தோம்? உச்சநீதி மன்றம் சென்றோம். வாதம் நடந்தது, இரு தரப்பும் பேசின. உங்களுக்கு அதிகாரம் உண்டு, விசாரியுங்கள் என்று 1991 ஏப்ரல் 26இல் உச்சநீதி மன்றம் பிழையைத் திருத்தியது. ஜூன் 25இல் 205 டி.எம்.சி. என்ற இடைக்கால ஆணை வந்தது. பிழை நேர்ந்ததற்கும் திருத்தம் வந்ததற்கும் நடுவே நான்கு மாதங்கூட ஆகவில்லை. ஒரு கண்ணாடியும் உடையவில்லை. இது நல்ல பாடம்.

கெட்ட பாடம் அடுத்த மாதமே வந்தது. ஆணை பிடிக்காத கருநாடக சர்க்கார், 1991 ஜூலை 25இல் ஓர் அவசரச் சட்டம் போட்டது. ஆணை எங்களைக் கட்டாது, எங்கள் உழவர்களைக் காப்பது எங்கள் கடமை என்றது. வழக்கில் ஒரு தரப்பாக நின்றவரே நீதிபதியின் நாற்காலியில் ஏறித் தீர்ப்பைத் திருத்திக்கொண்ட வேடிக்கை அது! குடியரசுத் தலைவர், அரசியல் சட்டத்தின் 143வது பிரிவின்படி உச்சநீதி மன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1991 நவம்பர் 22இல் மன்றம் தன் கருத்துரையை வெளியிட்டது. அவசரச் சட்டம் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக எவரும் இருக்க முடியாது என்று தெளிவாகக் கூறிற்று. டிசம்பர் 10இல் இடைக்கால ஆணை கெசட்டில் ஏறியது. அதற்குப் பழி, பெங்களூரில் குடிசை போட்டுப் பிழைத்த தமிழ்க் கூலியாட்கள்மீது விழுந்தது. மன்றத்தில் தோற்றவர்கள் மன்றாட்டம் இல்லாத ஏழைகளிடம் வென்று காட்டினார்கள்!

மீண்டும் 2016. செப்டம்பர் 5இல், விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள் திறக்க உச்சநீதி மன்றம் ஆணையிட்டது. கருநாடகம் திருத்தக் கேட்டது. செப்டம்பர் 12இல் அதை 12,000 ஆக்கி, செப்டம்பர் 20 வரை திறக்கச் சொன்னது மன்றம். வேகம் குறைந்தது, நாள் கூடியது. ஊரில் கலவரம், ஆகவே ஆணையை மாற்றுங்கள் என்ற வாதத்தை மட்டும் மன்றம் ஏற்கவில்லை. சட்டம் ஒழுங்கைக் காட்டி ஆணையிலிருந்து தப்ப முடியாது என்று கடிந்தது. அதே நாளில்தான் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. எரிந்த வண்டியின் ஓட்டுநர் யார்? உங்களைப்போல் ஒரு தொழிலாளி. அவனுக்கு டி.எம்.சி. என்றால் என்னவென்றுகூடத் தெரிந்திருக்காது.

இவையெல்லாம் மாநிலம் செய்தவை. டில்லி செய்த திருத்தம் ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் சாமர்த்தியமானது. 2018 தீர்ப்பில், ஆறு வாரத்துக்குள் மத்திய சர்க்கார் ஒரு செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் ஸ்கீம் என்ற சொல். நடுவர் மன்றம் மேலாண்மை வாரியம் என்று பெயர் சொல்லியே பரிந்துரைத்திருந்தது. ஆறு வாரத்தில் டில்லி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. மார்ச் இறுதியில் கெடு முடிந்தது. மார்ச் 31இல் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்கு ஓடியது. ஸ்கீம் என்றால் வாரியந்தானா, வேறாகவும் இருக்கலாமா, நடுவர் மன்றம் சொன்னபடிதான் அமைக்க வேண்டுமா, நாங்கள் மாற்றி அமைக்கலாமா, விளக்கம் தேவை; மூன்று மாத அவகாசமும் தேவை! சொல்லுக்குப் பொருள் தெரியவில்லையாம்! சந்தேகம் உண்மையானதென்றால் முதல் வாரத்தில் கேட்டிருக்கலாம். பரீட்சை முடிந்து மணி அடித்தபின் கேள்வித்தாளில் எழுத்து மங்கல் என்று கையைத் தூக்கும் மாணவனைப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதை.

உண்மைக் காரணமும் அந்த மனுவிலேயே எட்டிப் பார்த்தது. கருநாடகத்தில் தேர்தல்! மே 12 வாக்குப்பதிவு. தமிழ்நாடு அவமதிப்பு மனு போட்டது. ஏப்ரல் 5இல் இங்கே முழு அடைப்பு நடந்தது. ஏழாம் நாள் முக்கொம்பிலிருந்து நமது கழகமும் தோழமைக் கட்சிகளும் காவிரி உரிமை மீட்புப் பயணம் புறப்பட்டன. மே 3இல் மன்றம் கேட்டது, வரைவு எங்கே என்று. பிரதமரும் அமைச்சர்களும் கருநாடகத் தேர்தல் பயணத்தில் இருக்கிறார்கள், அமைச்சரவை ஒப்புதல் கிடைக்கவில்லை என்று மத்திய சர்க்காரின் தலைமை வழக்கறிஞர் பதில் சொன்னார். வாக்குப்பதிவு மே 12. வரைவு மன்றத்துக்கு வந்த நாள் மே 14. ஆறு வாரத்தில் புரியாத சொல் இரண்டு நாளில் புரிந்துவிட்டது!

ஆனாலும் அந்த மே மாதத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. வரைவைத் திறந்த மன்றத்தில் வைத்து மாநிலங்கள் வாதாடியதால், அதிலிருந்த கோளாறுகள் வெளிப்பட்டன. தலைமையிடம் பெங்களூர் என்றிருந்தது டில்லி என்று மாறியது. மத்திய சர்க்கார் இடையில் புகுந்து கட்டளையிட வைத்துக்கொண்ட வழி அடைபட்டது. மே 18இல் மன்றம் ஒப்புதல் தந்தது, ஜூன் 1இல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் கெசட்டில் ஏறியது. வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் இப்படித்தான் திருந்தும். அதே ஆணையம் 2023 வறட்சியில் விநாடிக்கு 5,000 கன அடி திறக்கச் சொன்னபோது, கருநாடகம் அதையும் மாற்றக் கேட்டது. செப்டம்பர் 21இல் உச்சநீதி மன்றம் தலையிட மறுத்தது. ஆணையம் கேட்டதைவிடக் குறைவாகத்தான் நமக்குக் கொடுத்தது என்ற குறை வேறு. ஆனால் அளவுகோல் என்று ஒன்று நட்டு நிற்கிறது, பிடுங்க முடியவில்லை.

விளக்கம் கேட்பது குற்றமா? அல்ல. 1956ஆம் ஆண்டுத் தண்ணீர்த் தகராறுச் சட்டத்தின் 5வது பிரிவிலேயே அதற்கு வழி இருக்கிறது. நடுவர் மன்றம் முடிவு கூறிய மூன்று மாதத்துக்குள், மத்திய சர்க்காரோ மாநிலமோ இது விளங்கவில்லை, இது விடுபட்டது என்று அந்த மன்றத்திடமே கேட்கலாம். 2007இல் கேட்கவும் செய்தார்கள். மேல்முறையீடுகள் உச்சநீதி மன்றத்தில் இருந்ததால் அந்தக் கேள்விகள் ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள்ளேயே தூங்கின. நிலத்தடி நீர்பற்றியும் பெங்களூர்பற்றியும் ஆற்றை அறிந்த அந்த மன்றத்திடம் அப்போதே வாதம் நடந்திருந்தால், நேரில் அளந்து பார்த்திருந்தால், பிற்பாடு இந்தப் பிழை நேர்ந்திருக்குமா என்று நினைக்கத் தோன்றுகிறது. திருத்தும் வாசல் ஒன்றைச் சட்டம் வைத்தது. நடைமுறை அதன்முன் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டது.

பெங்களூருக்குத் தள்ளிக்கொண்ட அந்த நாலேமுக்கால் இப்போது எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? மேகதாட்டில்! அந்த 4.75 டி.எம்.சி. குடிநீரைப் பயன்படுத்த அணை வேண்டும் என்கிறது கருநாடகம். அணையின் கொள்ளளவு எவ்வளவு? 67.16 டி.எம்.சி. நாலேமுக்கால் படி பால் காய்ச்ச அறுபத்தேழு படிக் கொப்பரை! கன்னட உழவன் நமக்குப் பகைவனல்ல. மாண்டியாவில் வயல் காய்ந்தாலும் வயிறு காய்கிறவன் நம் இனத்தான்தான். ஆறு எந்த மாநிலத்துக்கும் தனிச் சொத்தல்ல என்று தீர்ப்பே கூறியிருக்கிறது. அதை வரவேற்கிறோம். தனிச் சொத்தல்லாத ஆற்றில் தனிப் பூட்டு எதற்கு என்றுதான் கேட்கிறோம்.

இனி நமது வேலைக்கு வருவோம். பத்து டி.எம்.சி. நிலத்தடி நீர் என்ற கணக்கு பழைய ஆய்வுகளின்மேல் நிற்கிறது. அதை அசைக்க வேண்டுமானால் புதிய அளவுகள் வேண்டும். ஒரு நாள் அளவு போதாது, ஆண்டுதோறும் எடுத்த அளவு வேண்டும். சர்க்கார் அளக்கட்டும், அது அவர்கள் கடமை. நாமும் அளப்போம். டெல்டாவில் ஒவ்வொரு கிளைக் கழகமும் ஒரு குறிப்பேடு போட வேண்டும். ஊரில் ஐந்து கிணறு, ஐந்து போர் என்று தேர்ந்தெடுங்கள். மேட்டூர் திறக்குமுன் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை, தையில் ஒருமுறை நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று எழுதுங்கள். ஆற்றில் தண்ணீர் வந்த தேதி, வாய்க்காலில் வந்த தேதி, அதற்கு எத்தனை நாள் கழித்துக் கிணற்றில் மட்டம் ஏறியது என்று எழுதுங்கள். ஒரே நீரை இருமுறை எண்ணியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கடைசி வரிதான் சாட்சி.

கடற்கரை ஒன்றியங்களில் நீர் உவர்க்கிறதா, எந்த மாதத்திலிருந்து உவர்க்கிறது, போர் எத்தனை அடி இறக்கினார்கள், கைவிட்ட போர் எத்தனை என்பதையும் சேர்க்க வேண்டும். தேதியும் இடமும் இல்லாத குறிப்பு மன்றத்தில் செல்லாது. இரண்டையும் எழுதி, ஊர்ப் பெரியவர் இருவர் கையொப்பம் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பேட்டைப் படியெடுத்து மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மூலத்தைப் படிப்பகத்திலேயே பூட்டி வையுங்கள். வழக்கறிஞர் தோழர்கள் அதைத் தொகுக்கட்டும். முதல் அளவை வருகிற ஜூன் 12க்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.